ஆசியச் சந்தைகள் சரிந்தால் எஸ்ஐபியை விற்க வேண்டுமா?

கேள்வி: டோக்கியோ, ஹாங்காங் சந்தைகள் சரிவதாகச் செய்தி வரும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. நாலு வருடமாக, பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகையை எஸ்ஐபியாகப் போடுகிறேன். "விற்றுவிட்டு, காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசியில் போடுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்கிறார் முகவர். செய்யலாமா?

பதில்: சரிவுக்குப் பயந்து விற்காதீர்கள். யூலிப் வேண்டவே வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சென்செக்ஸும் 2,200 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. ஜப்பான் மத்திய வங்கி வட்டியை உயர்த்தியதும், குறைந்த வட்டிக்கு யென் கடன் வாங்கி உலகெங்கும் பங்கு வாங்கியிருந்தவர்கள் அவசரமாக விற்றது ஒரு முக்கியக் காரணம். மறுநாளே நிக்கேய் 10 சதவீதம் ஏறியது. முந்தைய நாள் பதறி விற்றவருக்கு நஷ்டம் நஷ்டம்தான்.

முகவர் சொல்லும் யூலிப்பிலும், ஈக்விட்டியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பணம் இதே பங்குச் சந்தைக்குத்தான் போகும். அப்புறம் என்ன பாதுகாப்பு? ஐந்து வருடம் பணத்தைத் தொடவும் முடியாது. ஃபண்டை விற்றால், வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேல் வரும் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி வேறு. ஃபண்டு விட்டு ஃபண்டு மாற்றினாலும் வரிக் கணக்கில் அது விற்பனைதான். இதையெல்லாம் சொல்லாமலே படிவத்தை நீட்டுகிறார்கள். புது பாலிசி விற்றால் முதல் வருட பிரீமியத்திலேயே அவர்களுக்குக் கமிஷன். உங்கள் ஃபண்டிலிருந்து முகவருக்குப் போன தொகை அரையாண்டுக் கணக்கு அறிக்கையில் பொடி எழுத்தில் வருகிறது. கையெழுத்து வாங்கும்போதே அதைப் பெரிய எழுத்தில் காட்ட வைத்தால் என்ன? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

ஒரே ஒரு விதிவிலக்கு. இந்தப் பணம் இரண்டு மூன்று வருடத்துக்குள் தேவையா? மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு முன்பணம் என்று தேதி குறித்த செலவு இருந்தால், சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகையை மட்டும் இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வங்கி வைப்பில் போடுங்கள். "காத்திருந்தால் திரும்பிவிடும்" என்பதை நம்பி அதை விட்டுவைக்காதீர்கள். 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை நிக்கேய் தாண்டியது 2024 பிப்ரவரியில். கல்லூரி அதுவரை காத்திருக்காது. மீதித் தொகைக்கு எஸ்ஐபி தொடரட்டும்.

யூலிப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். முகவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.