பொடிக்கு பேடன்ட் கிடைக்குமா?

கேள்வி: அம்மாவின் பக்குவத்தில் கறிவேப்பிலைப் பொடி அரைத்து, ஒரு பெயர் வைத்து இரண்டு வருடமாக விற்கிறேன். லேபிளைத் தெரிந்த டிசைனர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு வரைந்து தந்தார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், ஜிஎஸ்டி எல்லாம் இருக்கின்றன. "யாராவது காப்பியடிப்பதற்குள் பேடன்ட் வாங்கிவிடு" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: பேடன்ட்டை விட்டுவிடுங்கள். அது புதிய கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டுகள் தரப்படும் உரிமை. தெரிந்த பொருட்களின் வெறும் கலவைக்கும், வழிவழியாக வந்த அறிவுக்கும் அது கிடையாது என்று 1970-ம் ஆண்டு பேடன்ட் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. பேடன்ட்டுக்கும், எழுத்து, ஓவியம் போன்ற படைப்புகளைக் காக்கும் பதிப்புரிமைக்கும் (காப்பிரைட்) 'காப்புரிமை' என்றே மாற்றி மாற்றி எழுதுகிறோம். பாதிக் குழப்பம் அதில்தான். பேடன்ட் கேட்டால் செய்முறையை ஊரறிய எழுதிக் கொடுக்கவும் வேண்டும். உங்கள் பக்குவம் ரகசியமாகவே இருக்கட்டும். அரைக்க ஆள் வைத்தால், வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்குங்கள். வணிக ரகசியத்துக்கு இங்கே தனிச் சட்டம் இல்லை. அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

முதலில் காக்க வேண்டியது பெயரை. உணவு உரிமமும் ஜிஎஸ்டி எண்ணும் தொழில் நடத்தத்தான். பெயரை உங்களுடையதாக்குவது டிரேட்மார்க். அதே சாயலில் வேறு பெயர் இருக்கிறதா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். டிரேட்மார்க்குக்காகப் பொருட்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலா, பொடி வகைகள் 30-வது வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்கு, விரும்பும்வரை புதுப்பிக்கலாம். 'சுவையான பொடி' என்பதுபோல் பொருளையே வர்ணிக்கும் பெயருக்குப் பொதுவாகப் பதிவு கிடைக்காது. அப்புறம், இந்த இரண்டு வருடத்து பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். நாளை அந்தப் பெயரை யார் முதலில் பயன்படுத்தியது என்ற சண்டை வந்தால் அவைதான் சாட்சி.

புவிசார் குறியீடு உங்களுக்குப் பொருந்தாது. கோவில்பட்டி கடலை மிட்டாய் போல, அது ஓர் ஊரின் உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் சேர்ந்தது. புது வடிவில் ஜாடி செய்யும் எண்ணம் இருந்தால், கடைக்கு அனுப்பும் முன்பே, பொருளின் தோற்றத்தைக் காக்கும் வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

எனக்குக் கவலை லேபிளைப் பற்றித்தான். வரைந்த நொடியிலேயே அதற்குப் பதிப்புரிமை பிறந்துவிட்டது, பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் காசு கொடுத்ததாலேயே அது உங்களுடையதாகிவிடாது. வெளியாள் வரைந்தால், உரிமையை உங்கள் பெயருக்கு எழுதித் தராதவரை பெரும்பாலும் அவரே உரிமையாளர். பழக்கம் நன்றாக இருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். உரிமை எத்தனை காலத்துக்கு என்பதை அதில் கட்டாயம் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.