பழைய வேகா படகில் ஷெட்லாண்டுக்கு: பணத்தை முதலில் எதில் போடுவது?

கேள்வி: நான் நார்வேயின் பெர்கன் நகரில் வசிக்கிறேன். 1973இல் கட்டப்பட்ட 27 அடி ‘அல்பின் வேகா’ பாய்மரப் படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். பாய்மரத்தின் தாங்கு கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன என்பது விற்றவருக்கே தெரியவில்லை. அடுத்த கோடையில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகள் வரை போக ஆசை. சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் மின்னணுத் திரை), ரேடார், மின் மோட்டார் ஆகியவற்றை வாங்கலாமா, அல்லது இதை விற்றுவிட்டுப் பெரிய படகாகப் பார்க்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். ஸ்வீடனைச் சேர்ந்த பேர் புரோஹெல் வடிவமைத்த இந்தப் படகு, 1970களின் இறுதிவரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. அமெரிக்கரான மேட் ரதர்ஃபோர்ட் 2011–12இல் இதே வகைப் படகில் தனியாளாக, எங்கும் கரையேறாமல், வடக்கே பனிக்கடல் வழியாகவும் தெற்கே கேப் ஹார்ன் வழியாகவும் இரு அமெரிக்கக் கண்டங்களையும் 309 நாட்களில் சுற்றி வந்தார். பெர்கனிலிருந்து ஷெட்லாண்ட் சுமார் 200 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் இரண்டு நாள் பயணம். அதற்கு இந்தப் படகின் அளவு தாராளமாகப் போதும். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதன் வயதைப் பற்றி.

ஆகவே, கையிலுள்ள பணம் முதலில் பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் பொருட்களுக்குப் போகட்டும். தாங்கு கம்பிகள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. முனையில் உலோகக் குழலுக்குள் வைத்து அழுத்தப்பட்டிருக்கும் இடத்தில்தான், உள்ளே தேங்கும் உப்புநீரால் இழை இழையாக விட்டுப்போகின்றன. அந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சை மெல்ல இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் ஓர் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். சிக்காவிட்டாலும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கம்பிகளை மாற்றிவிடுவது வழக்கம் என்பதாலும், உங்கள் கம்பிகளின் வயது யாருக்கும் தெரியாது என்பதாலும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் புதிதாகப் போட்டுவிடுவதே என் முடிவான ஆலோசனை. கம்பிகளைப் படகோடு பிணைக்கும் எஃகுப் பிடிப்புகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு, காற்றுப் படாமல் ஈரத்திலேயே கிடக்கும்போதுதான் அரிக்கப்படுகிறது. மேல்தளத்தைத் துளைத்துச் செல்லும் பகுதி அப்படிப்பட்ட இடம், வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது.

வேகாவுக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. பாய்மரம் மேல்தளத்தின் மீது நிற்கிறது. அதன் சுமையைக் கீழே உள்ள குறுக்கு உத்திரம் தாங்குகிறது. பல ஆண்டுச் சுமையில் அந்த உத்திரம் தொய்ந்துவிடும். பாய்மரத்தின் அடியில் ஒரு நேர்கோலைக் குறுக்கே வைத்து, தளம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிலும் மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றனவா என்றும் கவனியுங்கள். தொய்வு இருந்தால் உத்திரத்தை வலுப்படுத்தாமல் புதுக் கம்பிகளை இறுக்குவது, அந்தக் குழியை இன்னும் ஆழமாக்கும். எனவே இந்தச் சோதனைதான் முதல் வேலை.

அடுத்து, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகள். சாதாரணப் பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து, பார்வைக்கு முழுசாகவும் உள்ளே பொடியாகவும் ஆகிவிடும். கத்தி முனையால் சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்று கட்டித் தொங்கட்டும்.

மின் மோட்டார் துறைமுகத்துக்கு உள்ளே அருமையானது. ஆனால் இந்த அளவுப் படகில் ஏற்றக்கூடிய பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், வட கடலில் காற்று நின்றுவிட்டால் அது போதாது. பழைய எஞ்சின் ஓடுகிறது என்றால் இப்போதைக்கு அதையே பராமரியுங்கள். அது பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதை மறவாமல், ஒவ்வொரு முறையும் படகின் அடிப்பகுதியைக் காற்றோட்டமாக்கிய பிறகே கிளப்புங்கள்.

ரேடாருக்கான பணத்தில் காற்றின் விசையாலேயே சுக்கானைத் திருப்பும் தானியங்கிக் கருவி ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்குங்கள். மின்சாரம் கேட்காமல் இரவெல்லாம் படகை ஓட்டும் அது, இருவர் மட்டுமே உள்ள படகில் மூன்றாவது ஆளுக்குச் சமம். கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவி, சாதாரண ஜிபிஎஸ், காகித வரைபடம் ஆகியவை இந்தப் பயணத்துக்குப் போதும். படகின் மொத்த எடையே சுமார் 2,300 கிலோதான். ஏறத்தாழ 100 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஏற்றும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து ஏற்றுங்கள்.

உத்திரமும் கம்பிகளும் ஏப்ரலுக்குள் முடிந்தால், மே மாதத்தில் கரையோரத் தீவுகளுக்கு வெளியே ஓர் இரவு முழுவதும் பாய் விரித்து ஓட்டிப் பாருங்கள். காற்று வராத பக்கத்துக் கம்பிகள் அளவுக்கு மீறித் தளர்கின்றனவா என்பதை அப்போது கண்டுகொள்ளலாம். அந்த வேலைகள் முடியாவிட்டால் ஷெட்லாண்டை அதற்கடுத்த கோடைக்குத் தள்ளிவைத்து, அந்தக் கோடையில் பெர்கனுக்குத் தெற்கே நிலத்துக்குள் நீளும் ஹார்டாங்கர் ஃபியோர்டு என்னும் கடற்கழிக்குள் போய் வாருங்கள்.