சான்றிதழுக்கும் எஃப்.சி. உண்டு: நாமக்கல் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பையன் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு. ஒரு பயிற்சி மையத்தில் 65,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், சிசிஎன்ஏ, செக்யூரிட்டி பிளஸ், ஏடபிள்யூஎஸ் என்று ஐந்து சான்றிதழ் தருவதாகவும், வேலைக்கு உத்தரவாதம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். லாரிக்கு டியூ கட்டி மிச்சம் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும்போது இந்தப் பணத்தைக் கட்டலாமா, கட்டினால் அந்தச் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டாவது கேள்வியைப் பெற்றோர் யாரும் என்னிடம் கேட்பதே இல்லை. வண்டி வைத்திருப்பவர் என்பதால் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. செல்லாது ஐயா. பி.சி.ஏ. பட்டம் ஆர்.சி. புத்தகம் மாதிரி, ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். இந்தச் சான்றிதழ்கள், வண்டி ஓடத் தகுதியானது என்று வாங்கும் எஃப்.சி. மாதிரி. தேதி முடிந்தால் வண்டி அதே வண்டிதான், ஆனால் ரோட்டில் நிறுத்திக் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் தரும் சிசிஎன்ஏ மூன்று வருடம். காம்ப்டியா என்ற அமெரிக்க அமைப்பின் ஏ பிளஸ் (கணினி சப்போர்ட்), நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் மூன்றும் மூன்று வருடம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனரும் மூன்று வருடம். காம்ப்டியா ஒரு காலத்தில் ஆயுளுக்கும் செல்லும் சான்றிதழைத்தான் கொடுத்தது. 2011க்குப் பிறகு வாங்கியவர்களுக்கு அது இல்லை.

அப்படியென்றால் ஐந்தை ஒரே நேரத்தில் வாங்கினால் ஐந்தும் ஒரே நேரத்தில் காலாவதியாகும். ஐந்து லாரிக்கு ஒரே மாதத்தில் எஃப்.சி. வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த 65,000. ஒரு கணக்குப் போடுவோம். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் மட்டும் 300 டாலர். கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர். இந்த இரண்டுக்கே, வரி சேர்க்காமல், 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஏ பிளஸ் என்பது ஒரு சான்றிதழ்தான், ஆனால் இரண்டு தேர்வு, இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். அதன் மேல் நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ். ஆக மொத்தம் ஆறு தேர்வு. ஆறு தேர்வுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, ஆறு மாதம் பாடமும் நடத்தி, வாடகையும் கொடுத்து, 65,000க்குள் யாராலும் முடிக்க முடியாது. பெரும்பாலும் அவர்கள் தரப்போவது மையத்தின் பெயர் போட்ட ‘பயிற்சி முடித்தார்’ சான்றிதழாகத்தான் இருக்கும். சிஸ்கோவும் காம்ப்டியாவும் தருவது வேறு. மையத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தெந்தத் தேர்வின் கட்டண வவுச்சர் இந்தப் பணத்தில் அடக்கம்? எழுதிக் கொடுங்கள்.” பதில் சுற்றி வளைத்து வந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் இந்த ஐந்தையும் சேர்த்தே விற்கிறார்கள்? ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் என்ற வரிசை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பாதுகாப்புத் துறையின் கணினி வேலைகளுக்கு எந்தச் சான்றிதழ்கள் ஏற்கப்படும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. செக்யூரிட்டி பிளஸ் அதில் உண்டு, அதனால் அங்கே அதற்கு மவுசு. சென்னையிலோ கோவையிலோ டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்கு எடுப்பவர் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஏ பிளஸ் பாடத்திட்டம் அருமையானது. ஆனால் அதைக் காம்ப்டியா தளத்தில் இலவசமாக இறக்கிப் படித்துக்கொள்ளலாம், இரண்டு தேர்வுக் கட்டணம் நம் ஊர் வேலைக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வளைகுடாவுக்கோ வேறு வெளிநாட்டுக்கோ போகும் திட்டம் இருந்தால் அப்போது பேசுவோம்.

உங்கள் பையனுக்கு நெட்வொர்க்கில்தான் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் ஒன்றே ஒன்று: சிசிஎன்ஏ. நாக் (நெட்வொர்க்கை இரவு பகலாகக் கண்காணிக்கும் மையம்), எல் 1 சப்போர்ட் (முதல்கட்டப் பழுது பார்ப்பது) மாதிரி வேலைகளுக்கு இங்கே ஆள் எடுப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். ஷிஃப்ட் வேலை, ராத்திரி முழிக்க வேண்டியிருக்கும், அதையும் இப்போதே பையனிடம் சொல்லிவிடுங்கள்.

கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் என்ன படிப்பு நடக்கிறது, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் பையன் விசாரிக்கட்டும். வீட்டிலேயே கிடைப்பதை வெளியே விலை கொடுத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். அகாடமி இல்லாவிட்டாலும் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம், அகாடமி தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும். அதில் ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் படமாக இருக்கும், கேபிள் இழுத்து, கட்டளை கொடுத்து, பழுது பார்த்துப் பழகலாம். சாதாரண லேப்டாப்பே போதும்.

படிக்கும் விதம் பற்றிச் சொல்கிறேன். சிஸ்கோ தேர்வுப் பாடத்தை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. ஐ.பி. இணைப்பு 25, நெட்வொர்க் அடிப்படை 20, நெட்வொர்க் அணுகல் 20, பாதுகாப்பு அடிப்படை 15, ஐ.பி. சேவைகள் 10, ஆட்டோமேஷன் 10. முதல் மூன்றும் சேர்ந்தாலே 65 சதவீதம். நம் பையன்கள் பலர் ஆட்டோமேஷனில்தான் ஆரம்பிக்கிறார்கள், பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே! சப்நெட்டிங்கை, அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு சிறு நெட்வொர்க்காகப் பிரிக்கும் கணக்கை, தள்ளிப் போடுவார்கள், கணக்கு என்ற பயம். சப்நெட்டிங் வராமல் இந்தத் தேர்வு இல்லை. தினமும் காலையில் பத்து கணக்கு, பேனா பேப்பரில், கால்குலேட்டர் இல்லாமல். அப்புறம் வி.லேன் (ஒரே சுவிட்சில் தனித்தனி நெட்வொர்க்), ஓ.எஸ்.பி.எஃப். (ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் முறை), ஏ.சி.எல். (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) மூன்றையும் பேக்கெட் டிரேசரில் கட்டுவது மட்டும் போதாது. கட்டியதைத் தானே கெடுத்து, எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் லாரி மெக்கானிக் எப்படித் தொழில் கற்றார் என்று யோசித்துப் பாருங்கள். புது எஞ்சினைப் பார்த்துக் கற்றிருக்க மாட்டார்.

தினம் இரண்டு மணி நேரம் என்றால் நான்கைந்து மாதம் ஆகும். தேர்வு 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. ‘தெரியாததை விட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம்’ என்ற நம் பள்ளிக்கூடப் பழக்கம் இங்கே உதவாது. மாதிரித் தேர்வு எழுதும்போதே அப்படிப் பழக வேண்டும்.

பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன் என்றீர்கள். அது தடையே இல்லை. குறிப்பெல்லாம் தமிழில் எழுதட்டும். ஆனால் வாரம் ஒருமுறை, செய்த லேப் ஒன்றை ஐந்து ஆங்கில வாக்கியத்தில் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும், இன்டர்வியூவில் கேட்பது அதைத்தான். பின்னாளில் ஏடபிள்யூஎஸ் எழுதினால், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்று விண்ணப்பித்து 30 நிமிடம் கூடுதலாக வாங்கலாம். இது தெரியாமலே நம் பிள்ளைகள் எழுதிவிட்டு வருகிறார்கள்.

டம்ப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வுக் கேள்விகளைத் திருடி பி.டி.எஃப். ஆக விற்பார்கள், வாட்ஸ்அப்பில் சும்மாவும் வரும். ‘நாங்களே எழுதித் தருகிறோம்’ என்பவர்களும் உண்டு, அது மோசடி. பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, திரும்ப எழுதவும் தடை. பிடிபடாவிட்டாலும் தப்ப முடியாது. என்னிடம் வந்த ஒரு பையன் டம்ப் படித்து நல்ல மதிப்பெண்ணில் பாஸ் செய்தான். சென்னையில் இன்டர்வியூ. மேசையில் இருந்தவர் ஒரு ஐ.பி. முகவரியை எழுதி, இது எந்த நெட்வொர்க் என்று கேட்டிருக்கிறார். பையன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான்.

தேர்வுப் பதிவில் நம் ஊர்க்காரர்கள் மாட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது: இனிஷியல். கல்லூரி அட்டையில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் முழுசாக. தேர்வு நடத்தும் பியர்சன் வ்யூவில் பதிந்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், கட்டிய பணமும் போகும். பையனுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள், அதில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து பதியட்டும். நகல் செல்லாது, அசலைத்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் இருக்கிறது, ஆனால் நான் சிபாரிசு செய்வதில்லை. கேமரா முன்னால் தனி அறையில் உட்கார வேண்டும், நடுவில் யாராவது கதவைத் திறந்தால் தேர்வே நின்றுவிடலாம், கரண்ட் போனால் தலைவலி. கோவைக்கு ஒரு பஸ் ஏறிப் போய் மையத்தில் நிம்மதியாக எழுதிவிட்டு வரட்டும்.

இன்னொன்று, இதில் எனக்கே ஆதங்கம் உண்டு. தேர்வுக் கணக்கை எந்த மின்னஞ்சலில் தொடங்குகிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. என் மாணவி ஒருத்திக்குப் பயிற்சி மையமே தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது. பாஸ் செய்தாள். மையம் ஒரு நாள் மூடப்பட்டது. காலாவதி நினைவூட்டல் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போனது. அவளுக்குத் தெரிய வந்தபோது தேதி தாண்டி இரண்டு மாதம். கல்லூரி மின்னஞ்சலும் இதே கதைதான், படிப்பு முடிந்ததும் மூடிவிடுவார்கள். பையனுடைய சொந்த ஜிமெயில், சொந்த மொபைல் எண். மையத்துக்காரர் கேட்டாலும் பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாது.

எப்போது எழுதுவது? பாஸ் செய்த அன்றைக்கே கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. முதலாம் ஆண்டிலேயே எழுதிய பிள்ளைகளுக்கு, கல்லூரியை விட்டு வெளியே வரும்போது பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். கடைசி செமஸ்டரில் எழுதினால் அது முதல் வேலைக்கும் உதவும், இரண்டு வருடம் கழித்து வேலை மாறும்போதும் உயிரோடு இருக்கும். ஆகவே பையன் இப்போது படிக்க ஆரம்பிப்பது சரியான நேரம்தான், மையத்தில் பணம் கட்டத்தான் அவசரம் தேவையில்லை.

புதுப்பிப்பது எப்படி என்றால், மூன்று வருடத்துக்குள் சிஸ்கோ ஏற்கும் பயிற்சிகளில் 30 தொடர்கல்விப் புள்ளி சேர்க்கலாம், அல்லது அதே நிலைத் தேர்வு ஒன்றையோ மேல்நிலைத் தேர்வு ஒன்றையோ எழுதலாம். நான் சொல்வது மேல்நிலைத் தேர்வை. என்கோர் என்ற தேர்வில் பாஸ் செய்தால் சிசிஎன்ஏ தானாகப் புதுப்பிக்கப்படும், அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி பாதையில் பாதி தூரமும் கடந்த மாதிரி. அதற்குள் வேலையில் இருப்பான், கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு, ஹெச்.ஆரிடம் கேட்டால் தெரியும். தேதி ஒரு நாள் தாண்டினாலும் சலுகைக் காலம் கிடையாது, முதலிலிருந்து எழுத வேண்டும்.

காம்ப்டியாவிலும் மேலே ஏறினால் கீழே உள்ளது புதுப்பிக்கப்படும். ஏறாமல் அதே இடத்தில் இருந்தால் ஏ பிளஸுக்கு 20, நெட்வொர்க் பிளஸுக்கு 30, செக்யூரிட்டி பிளஸுக்கு 50 என்று தொடர்கல்விப் புள்ளி சேர்க்க வேண்டும், அதற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் வேறு வழி. ஏ.இசட். 900 மாதிரி அடிப்படைச் சான்றிதழுக்குக் காலாவதியே இல்லை. அடுத்த நிலைக்கு ஒரே வருடம்தான், ஆனால் கடைசி ஆறு மாதத்துக்குள் வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ‘இலவசம்’ என்று வருவதையும் விசாரிக்க வேண்டும். ஐஎஸ்சி2வின் சிசி என்ற சைபர் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தேர்வை இலவசமாகவே கொடுத்தார்கள், ஆனால் வைத்துக்கொள்ள வருடம் 50 டாலர். வண்டி சும்மா, ரோடு டாக்ஸ் நம் தலையில்.

இன்னும் ஒன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும்: பையன் தயாராகிவிட்டானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்வதை நம்பித்தான் 300 டாலர் கட்ட வேண்டுமா? வேண்டாம். ஒரு கேள்வி தருகிறேன். ‘192.168.10.’ என்று சொல்லிவிட்டு, கடைசி எண்ணாக 1 முதல் 254க்குள் எதையாவது நீங்கள் சொல்லுங்கள். ‘ஸ்லாஷ் 26, எந்த நெட்வொர்க்?’ என்று கேளுங்கள். பதிலின் கடைசி எண் 0, 64, 128, 192 இந்த நான்கில் ஒன்றுதான், நீங்கள் சொன்ன எண்ணுக்குச் சமமானது அல்லது அதற்குக் கீழே அடுத்து வருவது. 70 என்றால் 64. 130 என்றால் 128. 200 என்றால் 192. லாரியில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, நினைத்த நேரத்தில் கேளுங்கள். பத்து முறை கேட்டு பத்தும் உடனுக்குடன் வந்தால் தேர்வுக்குத் தேதி போடச் சொல்லுங்கள்.