அகல டயர் ஜீப்புக்கு ஆகுமா?

கேள்வி: தாத்தா ஓட்டிய மகிந்திரா சிஜே-3பி ஜீப்பில் 6.00-16 டயர்கள் (6 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) தேய்ந்துவிட்டன. 31 அங்குல அகல டயர் போடலாமா ஐயா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் டயரின் உயரம் ஏறக்குறைய 28, 29 அங்குலம்தான். 31 போட்டால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஸ்பிரிங் பட்டையில் உரசும். இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 54-ல் போகும்.

நம் டெல்டா களிமண்ணைப் பாருங்கள். மழை விட்ட மறுநாள் வாய்க்கால் கரையில் மேலே நாலு விரல் வழுக்கல், அடியில் கெட்டி. ஒல்லி டயர் அந்தச் சேற்றை வெட்டி இறங்கிக் கெட்டியைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கி, வண்டியை வாய்க்காலுக்கே தள்ளும். அடியில் கெட்டியே இல்லாத நடவு வயல் என்றால் அகல டயர் சரி, ஆனால் அது டிராக்டர் வேலை.

அதே 6.00-16 வாங்குங்கள், தரையைப் பிடிக்கும் டயர் கட்டை ஆழமாக இருக்கட்டும். ரேடியல்தான் வேண்டுமென்றால் 15 அங்குல ரிம்மில் 235/75 ஆர்15, உயரம் 28.9 அங்குலம், பழையதற்கு நெருக்கம்; ஆனால் அகலம் கூடும், சேற்றில் ஒல்லி டயர் போல வராது. ரிம்மில் 5 போல்ட், அவை அமையும் 5.5 அங்குல வட்டம் பொருந்த வேண்டும். அளவை மாற்றுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், எஃப்.சி.யில் சிக்கல் வரக்கூடாது.

அப்புறம், பழைய ரிம்மையே வைத்துக்கொண்டால் டயரைக் கழற்றியதும் வால்வு ஓட்டையைச் சுற்றித் தடவிப் பாருங்கள். உங்கள் பக்கம் உப்புக்காற்று; துரு பொருக்காக உதிர்ந்தால் அந்த ரிம் டியூபை அறுத்துவிடும்.