நாலு டிகிரி தண்ணில ட்ரவுட்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல, சவுத் பிளாட் ஆத்துல ஜனவரி மாசம் ட்ரவுட்னு சொல்ற குளிர்தண்ணி மீன் பிடிக்கப் போனேன்னு ஒரு வரி எழுதியிருந்தேன், அதுக்கே இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. எல்லாத்துக்கும் இடம் இல்ல, அஞ்சு மட்டும் எடுத்துருக்கேன்.

கேள்வி: அண்ணா, நான் டென்வருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. இங்க டிசம்பர்ல ஏரியெல்லாம் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு, ஆத்துல மட்டும் எப்படி தண்ணி ஓடுது? மீன் எல்லாம் தூங்கிடாதா?

தம்பி, எல்லா ஆறும் ஓடாது, அணைக்குக் கீழ இருக்குற ஆத்தத்தான் தேடிப் போகணும். டென்வர்லருந்து ஒன்றரை மணி நேரம் போனா சீஸ்மன் அணை வரும், 1905ல கட்டி முடிச்சது. அதுக்குக் கீழ இருக்குற பள்ளத்தாக்குதான் சீஸ்மன் கேன்யன். தண்ணி நாலு டிகிரி செல்சியஸ்லதான் ரொம்ப அடர்த்தியா இருக்கும், அதுக்கும் கீழ குளிர்ந்தா லேசாகி மேல வந்துடும், அதனாலதான் ஐஸ் மிதக்குது. அப்போ அணையோட மேல்பக்கம் உறைஞ்சு கிடந்தாலும் அடில நாலு டிகிரி தண்ணி தங்கி நிக்கும், அணையோட அடிப்பக்கத்துலருந்து திறந்து விடுறது அந்தத் தண்ணியத்தான். வெளிய மைனஸ் பத்து இருக்கும்போது ஆத்துல ஆவி பறக்கும் பாருங்க, அத ஒரு தடவ காலைல நேர்ல பாக்கணும். அணையில இருந்து கீழ போகப் போக தண்ணி குளிர்ந்து கரையோரமா ஐஸ் கட்ட ஆரம்பிச்சிடும், அதனால குளிர்காலத்துல அணைக்குப் பக்கமா இருக்கறதுதான் நல்லது.

மீன் தூங்காது, ஆனா வேகம் குறைஞ்சிடும். அதோட உடம்புச் சூடு தண்ணியோட சூடுதான், தண்ணி குளிர்ந்தா சாப்பிட்டது செரிக்கவே ரொம்ப நேரம் ஆகும். கோடைல வேகமா ஓடுற தண்ணில நின்னு இரை பிடிக்கிற அதே மீன் இப்ப ஆழமான மடுவுல, மெதுவா நகர்ற தண்ணில அடியோட அடியா ஒட்டிக்கிட்டு நிக்கும். இத மனசுல வாங்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

கேள்வி: போன சனிக்கிழமை அஞ்சு மணி நேரம் தண்ணில நின்னேன் சார், பாக்ஸ்ல இருந்த எல்லா ஃப்ளையும் (முள்ளுல பூச்சி மாதிரி கட்டின பொய் இரை) மாத்திப் பாத்துட்டேன், ஒண்ணு கூட மாட்டல. எந்த ஃப்ளை போடணும்?

ஃப்ளை பிரச்சன இல்லன்னுதான் எனக்குத் தோணுது. குளிர்காலத்துல அங்க முக்கியமான சாப்பாடு மிட்ஜ், கொசு மாதிரியே இருக்கும் ஆனா கடிக்காது, அதோட புழுவும் கூட்டுப்புழுவும் வருஷம் முழுக்க தண்ணில இருக்கும். அதனால 20, 22, 24ம் நம்பர் முள்ளு போதும் (நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், புதுசா வர்றவங்க இதுல குழம்பிடுவாங்க). நான் அதிகமா போடுறது ஸீப்ரா மிட்ஜ். கருப்பு நூல முள்ளுல சுத்தி, அது மேல மெல்லிசான வெள்ளிக் கம்பிய இடைவெளி விட்டுச் சுத்தி, தலைல கடுகு விட சின்னதா ஒரு மணி வச்சா முடிஞ்சது, மொத்தமே அரிசில பாதி நீளம்தான் இருக்கும். குளிர்காலத்துல தண்ணி குறைவா, கண்ணாடி மாதிரி தெளிவா ஓடும், அதனால தங்கூசி நரம்பும் மெல்லிசா 6X போடுங்க.

நீங்க கவனிக்க வேண்டியது வேற. மீன் அடில நிக்குது, இரைக்காக ஒரு சாண் கூட நகராது, ஏன்னா அந்தப் பொடிப் பூச்சிக்காக நகர்ந்தா சாப்பாட்டுல கிடைக்கிற தெம்ப விட நகர்றதுல செலவாகற தெம்பு அதிகம். அப்போ ஃப்ளை அதோட மூக்கு முன்னாடியே போகணும், அதுவும் அடித்தண்ணி ஓடுற வேகத்துலயே போகணும். ஆத்துல மேல்தண்ணி வேகமா ஓடும், அடித்தண்ணி மெதுவா ஓடும். உங்க லைன் மேல கிடக்குறதால அது ஃப்ளைய இழுத்துக்கிட்டே போகும், நிஜப் பூச்சி எதுவும் அப்படி இழுபட்டுப் போகாதுன்னு மீனுக்குத் தெரியும். அதனால லைன் விழுந்த உடனே ராட (தூண்டில் கம்ப) லேசா தூக்கி லைன தண்ணி வர்ற திசைப் பக்கமா புரட்டிப் போடுங்க, ஃப்ளை அடி வரைக்கும் போகலன்னா லைன்ல இன்னொரு சின்ன எடைக் குண்டு சேருங்க, ஃப்ளைய மாத்துறதுக்கு முன்னாடி குண்ட மாத்துங்க. ஒரே இடத்துல இருபது தடவ போடுங்க, அப்புறம் ஒரு அடி தள்ளிப் போடுங்க. தக்கை முங்கும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, குளிர்ல மீன் அப்படிக் கடிக்காது, தக்கை அர நொடி நின்ன மாதிரி இருக்கும் அவ்ளோதான், அந்த அர நொடிலயே ராட தூக்கணும்.

வெயில் நல்லா விழும்போது போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கிட்டு மடுவ ஒரு பத்து நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டே நில்லுங்க. முதல்ல கல்லுதான் தெரியும், அப்புறம் ஒரு கல்லு லேசா அசையும், அப்புறம் அது வாயத் திறக்கும்போது உள்ள இருக்குற வெள்ளை பளிச்சுன்னு ஒரு தடவ தெரியும். அத ஒரு முறை பாத்துட்டா அஞ்சு மணி நேரம் நின்னதெல்லாம் பெருசா தெரியாது. காலைல ஆறு மணிக்கே போகவும் வேண்டாம், பத்துலருந்து மூணு வரைக்கும் போதும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இந்தக் குளிர்லயும் ஆத்துக்குள்ள இறங்கறார். எனக்குப் பயமா இருக்கு. என்ன சொல்லி அனுப்பட்டும்?

உங்க பயம் நியாயமானதுதான்மா. பருத்தித் துணி ஒண்ணு கூட உடம்புல இருக்கக் கூடாது, நனைஞ்சா சூட்ட உறிஞ்சிடும், கம்பளி இல்லன்னா சிந்தெட்டிக்தான். வேடர் (ஆத்துல இறங்கப் போடுற, தண்ணி புகாத உடுப்பு) மேல இடுப்பு பெல்ட்ட இறுக்கமா கட்டணும், விழுந்தா உள்ள தண்ணி புகாம ஓரளவு தடுக்கும். ஷூ அடியில ஃபெல்ட் (அழுத்தின கம்பளி மாதிரி துணி) இருந்தா பனி கட்டி கட்டியா ஒட்டிக்கும், ஆணி வச்ச ரப்பர் சோல் வாங்கச் சொல்லுங்க.

நான் ஒரு தடவ கரையோர ஐஸ் மேல கால் வச்சு அது உடைஞ்சு விழுந்துட்டேன், முழங்கால் அளவு தண்ணிதான். விழுந்த உடனே மூச்சு தானா உள்ள இழுக்கும், நம்மால நிறுத்தவே முடியாது, அப்ப முகம் தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியத்தான் இழுப்போம். எந்திரிச்சு காருக்கு வந்துட்டேன், ஆனா ஜிப்ப பிடிச்சு இழுக்க விரல் மடங்கல, சாவிய ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு திருப்பினேன். அந்த மாதிரி தண்ணில கை ஒழுங்கா வேலை செய்யறது சுமாரா பத்து நிமிஷம்தான். அதனால தனியா போகக் கூடாது, மாத்துத் துணி முழு செட்டு கார்ல இருக்கணும், முழங்காலுக்கு மேல இறங்கக் கூடாது. இந்த மூணுக்கும் சரின்னா அனுப்புங்க.

கேள்வி: ஊட்டிலயும் ட்ரவுட் இருக்குன்னு எங்க தாத்தா சொல்வார், அதே மீனா?

ஆமா, ரெயின்போ ட்ரவுட். இங்கிலீஷ்காரங்க காலத்துல நீலகிரி ஓடைகள்ல விட்டது, அவலாஞ்சில குஞ்சு பொரிக்கிற பண்ணையும் இருக்கு. சவுத் பிளாட்லயும் ரெயின்போ வெளியிலருந்து வந்ததுதான், பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாலருந்து வந்தது, இந்த ஆத்தோட சொந்த மீன் க்ரீன்பேக் கட்த்ரோட்.

கேள்வி: பிடிச்ச மீன திருப்பி விட்டுட்டு வர்றீங்களாமே, குழம்பு வைக்க எடுத்துட்டு வரலாம்ல? எப்படியும் அது செத்துடாதா?

சீஸ்மன் கேன்யன்ல எடுக்கக் கூடாது, சட்டமே அப்படி, செயற்கை ஃப்ளையும் லூரும் (வேற வகைப் பொய் இரை) மட்டும், பிடிச்ச எல்லாத்தையும் விட்டுடணும். வேற பகுதிகள்ல எடுக்கலாம், போறதுக்கு முன்னாடி கொலராடோ ரெகுலேஷன் புக்க பாத்துக்கோங்க. 2002ல ஹேமன் காட்டுத்தீ இந்த மலையெல்லாம் எரிச்சது, அதுக்கப்புறம் மழைல வந்த மண்ணும் சாம்பலும் ஆத்துல பல மடுவ மூடிடுச்சு, 90கள்ல ரெயின்போக்கு நோய் வேற வந்துச்சு. அதையெல்லாம் தாண்டி வந்த மீன் இது.

செத்துடாதான்னு கேட்டீங்களே, அது நம்ம கைலதான் இருக்கு. முள்ளு நுனிக்குப் பக்கத்துல பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்குற சின்ன முனைய முன்னாடியே இடுக்கியால நசுக்கிடுங்க. கைய நனைச்சுட்டுத்தான் தொடணும், காஞ்ச கை அதோட வழுவழுப்ப உரிச்சிடும். முக்கியமா, வெளிய மைனஸ்ல இருக்கும்போது ஃபோட்டோவுக்காக மீன தண்ணிக்கு மேல தூக்காதீங்க, செவுள் மெல்லிசு, நனைஞ்சு இருக்கு, காத்துல சட்டுன்னு உறைஞ்சு போகும். வலைய தண்ணிலயே வச்சு முள்ள எடுங்க, அது தானா நீந்திப் போகற வரைக்கும் ஓட்டத்த பாத்த மாதிரி பிடிச்சுக்கோங்க. ராட்ல லைன் நுழையுற வளையத்துல ஐஸ் கட்டற அளவுக்குக் குளிர்னா நான் பாதி நாள் தெர்மாஸ்ல இருக்குற டீய குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துடுவேன்.

இன்னொண்ணு, யாரும் கேக்கல ஆனா சொல்லியே ஆகணும். பழுப்பு ட்ரவுட் அக்டோபர், நவம்பர்ல வாலால கூழாங்கல்ல கிளறி குழி பண்ணி முட்டை போடும், முட்டை குளிர்காலம் முழுக்க அந்தக் கல்லுக்கு அடியிலதான் கிடக்கும். சுத்தி இருக்குற கல்லெல்லாம் பாசி பிடிச்சு கருப்பா இருக்க, நடுவுல ஒரு இடம் மட்டும் கழுவி விட்ட மாதிரி வெளுப்பா முட்டை வடிவத்துல தெரியும். அங்க கால் வைக்காதீங்க, கரைக்கு ஏறி சுத்திப் போங்க.