ஆப்பை அழித்தாலும் பணம் போகிறதே?

கேள்வி: வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் தியானம், ஆங்கிலப் பேச்சு, ஜாதகம் என்று ஐந்தாறு ஆப்களுக்குச் சந்தா கட்டிவிட்டேன். போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்த பிறகும் பணம் போகிறது. கமிஷன் கொடுத்தால் மொத்தத்தையும் மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அவர் செய்யப்போவது எதுவும் உங்களால் முடியாததல்ல.

ஆப்பை அழிப்பது, பேப்பர்காரரிடம் சொல்லாமல் வாசல் கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. பில் வரத்தான் செய்யும். பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய் ஒவ்வொன்றாக 'கேன்சல்' கொடுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குள் இருக்கும். ரத்து செய்தாலும், கட்டிய காலம் முடியும்வரை பொதுவாகப் பயன்படுத்தலாம்.

பட்டியலில் சில ஆப்கள் இல்லையா? பலர் தடுக்கி விழுவது இங்கேதான். போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால், எதில் வாங்கினீர்களோ அதற்கு மாறிப் பார்க்க வேண்டும். அதிலும் இல்லையென்றால் விளம்பரத்தைத் தொட்டு, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கட்டியிருப்பீர்கள். அது பிளே ஸ்டோருக்குத் தெரியாது. வாங்கியபோது வந்த ரசீது மெயிலைத் தேடி எடுத்து, அதே தளத்தில் நுழைந்துதான் ரத்து செய்ய வேண்டும். அந்தப் பொத்தானை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேடவே அரை மணி நேரம் ஆகும். சேர்வதற்கு ஒரு பின் நம்பர் போதும், விலக மட்டும் இத்தனை வாசல்! இதற்குச் 'சந்தாப் பொறி' என்று பெயர் வைத்து 2023 நவம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. பொத்தான் இன்னும் ஒளிந்துதான் கிடக்கிறது.

அடுத்தது ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த அனுமதி. ஜிபே, போன்பே எதுவானாலும் உங்கள் படத்தைத் தொட்டால் 'ஆட்டோபே' இருக்கும். உயிரோடு இருக்கும் அனுமதிகளை அங்கேயே ரத்து செய்யலாம். கார்டில் கட்டியதற்கு வங்கியின் தளத்தில் பாருங்கள். முதலில் சந்தா, பிறகு ஆட்டோபே என்ற வரிசை முக்கியம். ஆட்டோபேயை மட்டும் வெட்டினால், நீங்கள் சேமித்துவைத்த வேறொரு கார்டில் கூகுள் கை வைக்கக்கூடும்.

ஒரு ரூபாய் டிரையல்தான் பெரிய தூண்டில். பின் நம்பர் போடும் திரையில் 'அதிகபட்சத் தொகை' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அனுமதிப்பது அந்தத் தொகையை, ஒரு ரூபாயை அல்ல. ரூ.15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்பினால் போதும் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸும் லோன் விளம்பரங்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் வந்து விழும்.

பணம் திரும்புமா? பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்கலாம். அதற்கு மேல் ஆப் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பழைய மாதங்களுக்குப் பெரிய நம்பிக்கை வேண்டாம். ரத்து செய்த பிறகும் பிடித்தால் ரத்தான திரையின் படத்தோடு வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். ஆப் நிறுவனத்தின் மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கமிஷன்காரர் 'ரீஃபண்டுக்கு' என்று பின் நம்பர் போடச் சொன்னாலோ, போன் திரையைப் பகிரச் சொன்னாலோ இணைப்பைத் துண்டியுங்கள். பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களிலும் இதே கூட்டம் உண்டு. ஏற்கெனவே பின் நம்பரைப் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எல்லாம் ரத்தானதும் கூகுளில் சேமித்த கார்டு, யுபிஐ விவரங்களை நீக்குங்கள். ஓடும் சந்தா இருக்கும்வரை நீக்க விடாமல் போகலாம், அதனால்தான் கடைசியில். அடுத்த ராத்திரி எதையாவது வாங்கத் தோன்றினால், கார்டைத் தேட எழுந்திருக்க வேண்டியிருக்கும்.