லிஸ்பன்: மிளகுக் காசும் வீட்டு வாடகையும்

கேள்வி: பையன் வேலைக்குன்னு லிஸ்பன் போய் ஆறு மாசமாச்சு. பாதி சம்பளம் வாடகைக்கே போகுதுங்கறான். போர்ச்சுகல் அவ்ளோ பணக்கார நாடா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பையன் சொல்றது நெஜம்தாம்மா. 2011ல போர்ச்சுகல் கஜானா வறண்டு, ஐரோப்பிய யூனியன், ஐ.எம்.எஃப். கிட்ட 78 பில்லியன் யூரோ கடனுக்கு நின்னுச்சு. எப்படியாவது வெளிக்காசு உள்ள வந்தா போதும்னு 2012ல வாடகைச் சட்டத்தத் தளர்த்தினாங்க, 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்குற வெளிநாட்டுக்காரங்களுக்கு கோல்டன் விசா, அதாவது அங்க தங்கறதுக்கு அனுமதி குடுத்தாங்க. காசு வந்துச்சு, பாழடைஞ்சு கெடந்த கட்டடமெல்லாம் புதுசாச்சு, 2016ல வெப் சமிட் மாநாடும் வந்து ஸ்டார்ட்அப் ஆளுங்க குவிஞ்சாங்க, ஆனா அல்ஃபாமா மாதிரி மேட்டுச் சந்துகள்ல காலங்காலமா வாடகைக்கு இருந்த பெரியவங்கதான் மூட்டைய கட்ட வேண்டியதாப் போச்சு, அங்கெல்லாம் இப்ப நெறைய வீடு டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு ஓடுது. வீட்டுக்கு விசாங்கறத 2023லதான் நிறுத்தினாங்க, ரொம்ப லேட்டு. தேஜோ ஆத்துக்கு அந்தக் கரை அல்மாடாவுல பாக்கச் சொல்லுங்க, வாடகை கொறைவு, ஃபெர்ரில பத்து நிமிஷம்.

கேள்வி: பழைய ஊருங்கறாங்க, ஆனா நடுவுல தெருவெல்லாம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கே? – வாசகர், மதுரை

பதில்: 1755 நவம்பர் 1, புனிதர் எல்லாரோட திருநாள், காலைல ஒம்பதரை மணி சுமாருக்கு சர்ச்செல்லாம் நெறஞ்சிருந்த நேரம் பூமி குலுங்கிச்சு. தப்பிச்சவங்க வெட்டவெளின்னு ஆத்தங்கரைக்கு ஓடினாங்க, கொஞ்ச நேரத்துல அங்கேயே சுனாமி வந்துச்சு, விழுந்த மெழுகுவத்தியும் அடுப்பும் பத்திக்கிட்டு நாள்கணக்குல ஊர் எரிஞ்சுச்சு. அரண்மனை, அதோட நூலகம், அந்த வருஷம்தான் திறந்த ஆப்பரா ஹவுஸ் எல்லாம் போச்சு, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கும். அப்புறம் மந்திரி பொம்பால் ஊர நேர்கோட்டுல கட்டச் சொன்னாரு. சுவருக்குள்ள மரத்துல கூண்டு கோத்து கட்டினாங்க, குலுங்கினா அது வளைஞ்சு குடுக்கும், அத சோதிக்க மாதிரி வீட்டச் சுத்தி பட்டாளத்த மிதிச்சு நடக்க விட்டாங்கன்னு சொல்லுவாங்க. எவ்ளோ நேரம் ஆடிச்சு, கடல் மொதல்ல உள்வாங்கிச்சான்னு ஒவ்வொரு சர்ச் பங்குக்கும் கேள்வி எழுதி அனுப்பி பதில் வாங்கினாரே, அதுதான் எனக்கு பெருசாப் படுது. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்பு தைக்கிறவங்க தெருன்னு தொழில வச்சு பேரு. ஆத்தோர சதுக்கத்துக்கு வணிகச் சதுக்கம்னு பேரு மாத்தியும் ஊர்க்காரங்க இன்னும் பழசுப்படி அரண்மனை முற்றம்னுதான் சொல்றாங்க.

கேள்வி: நமக்கும் அந்த ஊருக்கும் வாஸ்கோடகாமா தவிர சம்பந்தம் உண்டா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: இருக்கு! காமா சமாதி இருக்கற ஜெரோனிமோஸ் மடத்தயே 1501ல மிளகு, மசாலா மேல போட்ட 5 சதவீத வரியிலதான் கட்ட ஆரம்பிச்சாங்க, மலபார் மிளகுக் காசு அது. அதவிட முக்கியம், தமிழ் மொதமொதல்ல அச்சேறினதே லிஸ்பன்ல, 1554ல. ‘கார்த்தில்யா’ன்னு சின்ன ஜெப புத்தகம், அங்க இருந்த நம்மாளுங்க மூணு பேரு மொழிபெயர்த்தது. தமிழ் எழுத்து வார்க்கல, ரோமன் எழுத்துலயே தமிழ அடிச்சாங்க. நம்ம எழுத்துல ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்துல வர 1578 ஆச்சு.